அலெக்சாந்திரியா பை

இன்ஜின் டிரைவர் சவீனோவின் முன்பல்லை நான் உடைத்தபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. எங்கள் தபால் ரயில் ஆறு மணிக்கே பிரிந்திசித் துறைமுகத்தில் நின்றிருக்க வேண்டும். நாங்களோ ஒஃபாந்தோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு நாள் மழை. பாலத்தின் நடுத்தூணில் வெள்ளம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. பாலம் தாங்காது, தண்ணீர் வடியட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சவீனோ இன்ஜின் அடுப்பில் வெங்காயம் சுட்டுக்கொண்டிருந்தான்.

அலெக்சாந்திரியா வழியாகப் பம்பாய் போகும் கப்பல் பிரிந்திசியில் பகல் பன்னிரண்டு வரைதான் தபாலுக்காகக் காத்திருக்கும். அதற்கு மேல் ராஜாவே கடிதம் போட்டிருந்தாலும் அடுத்த வாரம்தான்.

பதினோரு வருஷமாகத் தபால் வண்டிக் காவலாளாக இருக்கிறேன். தாமதம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று அலெக்சாந்திரியா ரிஜிஸ்டர் பைக்குள் ஓர் உறை இருந்தது. அதில் என் அக்கா நுன்சியாவின் உயிர் இருந்தது.

அக்காவின் புருஷனைப் பட்டப்பகலில், பிரிந்திசி மீன் சந்தையில் குத்திக் கொன்றவன் கத்தால்தோ. சந்தையில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் அந்த நேரம் பார்த்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சாட்சி சொல்ல வந்தது அக்கா ஒருத்திதான். கப்பலேறித் தப்புமுன் கத்தால்தோ அவள் வீட்டு வாசலில் நின்று, திரும்பி வந்து உன்னையும் முடிப்பேன் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனான்.

தந்தி பறந்தது. அலெக்சாந்திரியாவில் இருக்கும் எங்கள் தூதரகச் சிறையில் அவனை அடைத்தார்கள். தந்தியை வைத்து முப்பது நாள்தான் அடைத்து வைக்கலாம். அதற்குள் ரோமில் மந்திரி முத்திரை வைத்த அசல் காகிதம் தூதர் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கதவைத் திறந்து அனுப்பிவிடுவார்கள். அன்று புதன்கிழமை. கப்பல் சனிக்கிழமை அலெக்சாந்திரியா சேரும். முப்பதாம் நாள் ஞாயிறு.

இதையெல்லாம் சவீனோவிடம் சொன்னேன். அவன் வெங்காயத்தைப் புரட்டினான்.

"உங்க அக்காவுக்காக நான் ஆத்துல விழணுமா? எனக்கும் மூணு அக்கா இருக்காளுங்க. ஒருத்திக்காகக்கூட நான் குளத்துல கால் வச்சதில்ல."

அப்போதுதான் அடித்தேன். கரி வாரும் மண்வாரியின் பிடியால். பல்லோடு ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தவன், அதே மண்வாரியைப் பிடுங்கி என் விலாவில் இறக்கினான். இருவரும் கரிக்குவியலில் உருண்டோம். கடைசியில் அவன் கழுத்தை அடுப்பின் வாய்க்கு அருகே கொண்டுபோய்ப் பிடித்தேன். தலைமயிர் கருகும் வாடை வந்தது.

"போறேன்டா, விடு," என்றான்.

பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்தது. கீழே மரம் முறிவது போல ஒரு சத்தம். சவீனோ ரத்த வாயோடு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினான். அக்கரை சேர்ந்ததும் என்னைப் பார்த்து, அடுத்த வாரம் உன்னைக் கொல்கிறேன் என்றான். வா என்றேன்.

பிரிந்திசித் துறையில் நின்றபோது பதினொன்று நாற்பது.

அங்கேதான் உண்மையான ஆபத்து இருந்தது. ரயிலிலிருந்து கப்பலுக்குத் தபால் பை சுமக்கும் கூலிகளின் தலைவன் பந்தலேயோ. கத்தால்தோவின் உடன்பிறந்த அண்ணன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் முதலில் தொடும் ஊரின் பை மேலே இருக்க வேண்டும் என்பதால் அதைக் கடைசியில் ஏற்றுவார்கள். அலெக்சாந்திரியாதான் முதல் ஊர். அந்தக் கடைசிப் பையைத் தலைவன்தான் தோளில் வைத்துக்கொண்டு போவான். அது அவனுக்குள்ள மரியாதை. பந்தலேயோ என்னோடு சண்டை போடவே வேண்டாம். மரியாதையாகப் பையை வாங்கிக்கொண்டு, கப்பலேறும் பலகையில் கால் இடறினால் போதும். பை கடலுக்குள்.

அதனால் வழக்கத்தை உடைத்தேன். கூலிகள் வரிசை கட்டுமுன் அந்தப் பையை நானே தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் பலகை ஏறினேன். கப்பலின் தபால் அறையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். என்னை முறைத்த பந்தலேயோவைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். திமிர்தான்.

கூலிகள் ஓட்டமாக ஓடி நூற்றெழுபது பைகளையும் ஏற்றினார்கள். பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். கப்பலின் தபால் அதிகாரி ஓர் ஆங்கிலேயன். கையில் கடிகாரம். தபால் அறையில் எட்டிப் பார்த்தவன், அடியில் கிடந்த அலெக்சாந்திரியா பையைக் கண்டு கத்தினான். ஆறு மணி நேரம் தாமதமாக வந்தவர்களுக்கு அடுக்கக்கூடத் தெரியவில்லையா என்று அதை இழுத்தெடுத்து, பலகை வழியே உருட்டிவிட்டான். முறைப்படி கடைசியில் வரட்டுமாம்.

பை என் காலடியில் வந்து விழுந்தது.

துறையில் இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். இருவரும் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

பந்தலேயோ மெதுவாக நடந்து வந்தான். கையில் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி.

"குடு தம்பி. கடைசிப் பை என்னோடது. உங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

பையின் தோல் வாரை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு ஓடினேன். முதல் கூலி காலை நீட்டினான். விழுந்தேன். எழுந்தபோது ஒருவன் வாயில் குத்தினான். இன்னொருவன் விரலைக் கடித்தேன், எலும்பு தட்டியது. பலகையில் பாதி ஏறும்போது பந்தலேயோவின் கொக்கி என் வலது தோளுக்குள் இறங்கியது. எலும்புக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது.

கப்பல் ஊதியது. பன்னிரண்டு. தபாலுக்கு நிற்காத கப்பல், எனக்கா நிற்கும்? கயிறுகளை அவிழ்த்தார்கள். காலடியில் பலகை நகர்ந்தது. இடது கையால் கப்பலின் கம்பியைப் பிடித்தேன். பலகை தண்ணீரில் விழுந்தது.

என் தோளில் கொக்கி. கொக்கியில் பந்தலேயோ. அந்தக் கனத்தில் தோள் கிழிவது எனக்கே கேட்டது. அவன் இன்னொரு கையால் பையைப் பிடித்து இழுத்தான்.

"உங்க அக்காவ என் தம்பி வர்றவரைக்கும் விட்டு வைக்க மாட்டேன்," என்றான். "இன்னிக்கே."

முகத்தில் உதைத்தேன். பையை விட்டான். கொக்கியை மட்டும் பிடித்துத் தொங்கினான். துறையிலிருந்து அவன் ஆட்கள் கயிறு வீசினார்கள். அவன் அதைப் பிடித்திருப்பான். கையை நீட்டியும் விட்டான். நான் மறுபடி உதைத்தேன். முதல் உதை பைக்காக. இரண்டாவது அவனுக்காக.

கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் நடுவே விழுந்தான். அலை கப்பலை ஒருமுறை சுவரோடு சாத்தியது. சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை.

என்னை மேலே இழுத்துப் போட்டார்கள். ஆங்கிலேயன் குனிந்து, முதலில் பையின் முத்திரையைத்தான் பார்த்தான். உடையவில்லை என்றதும் பென்சிலால் குறித்துக்கொண்டான். பிறகு என் தோளைப் பார்த்து முகம் சுளித்து, டாக்டரைக் கூப்பிட்டான்.

சனிக்கிழமை மாலை தூதர் என் கண் முன்னாலேயே உறையைப் பிரித்தார். கத்தால்தோவை ஊருக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார். அடுத்து கப்பல் தலைவன் எழுதிய காகிதத்தைப் படித்தார். என்னைக் கைது செய்யவும் அதே பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கப்பலில் எங்கள் இருவரையும் ஒரே சங்கிலியில் பூட்டி அடித்தளத்தில் உட்கார வைத்தார்கள். கத்தால்தோ மெலிந்திருந்தான். நான் யாரென்று தெரியாமல், ஊர்க்காரன் என்ற சந்தோஷத்தில் பாதி ரொட்டியைப் பிய்த்து என்னிடம் நீட்டினான். துறையில் என்ன சேதி என்று விசாரித்தான்.

"எங்கண்ணன் எப்படி இருக்கான்?"

"செத்துட்டான்."

அவன் ரொட்டியை மடியில் வைத்தான்.

"யாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். பத்து நாளாகத் தோள் சீழ் பிடித்து, காய்ச்சலில் கிடந்த எனக்கு அதற்கும் தெம்பில்லை.

"நான்தான்," என்றேன்.

சங்கிலியை என் கழுத்தில் சுற்றி முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தான். மாலுமிகள் நான்கு பேர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக முறித்துத்தான் என்னை மீட்டார்கள்.

லெச்சே நீதிமன்றத்தில் என் வழக்கின்போது எனக்குக் குரல் வரவில்லை. எழுதித்தான் காட்டினேன். ஒன்பது வருஷம் போட்டார்கள். அதற்கு முந்தின வாரம் கத்தால்தோவின் வழக்கு. விரல்களில் கட்டோடு கூண்டில் நின்ற அவனைப் பார்த்து, அக்கா கடைசிப் பெஞ்சுவரைக்கும் கேட்கும்படி சாட்சி சொன்னாளாம்.