வாய் திறக்காத விண்ணப்பதாரர்

முத்தாந்துறையில் பவளப்பாறை மீன்களுக்கு அங்க அடையாளச் சான்றிதழ் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே வழங்கப்படுகிறது. விண்ணப்பதாரர்கள் ஆளுக்கொரு வாளியில் வந்து வரிசையில் இருப்பார்கள். அடையாளங்களைப் பார்த்து எழுதுபவர் ஞானசௌந்தரி. பதினோரு வருடத்தில் ஒரு முள்ளைக்கூட அவர் தவறாக எண்ணியதில்லை.

அன்று ஒரே வாளியில் ஒரு தம்பதி வந்தார்கள். விரல் நீளம், முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண், கண்ணின் குறுக்கே கறுப்புக் கோடு, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு முதுகுத் துடுப்புகள், வாலடியில் கரும்புள்ளி. கணவர் வாயை இறுக மூடியிருந்தார்.

"பேர்?"

"அவுக பேசமாட்டாகம்மா," என்றாள் மனைவி. "வாய்க்குள்ள முட்டை. எங்க வழக்கத்துல ஆம்பளதான் அடைகாக்கணும். இன்னைக்கோ நாளைக்கோ பொரிஞ்சிரும். கடல் வத்துறதுக்குள்ள சான்றிதழ் காட்டலேன்னா எங்க பொந்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாக. புள்ளைகள நடுக்கடல்லயா விடுறது?"

"அண்ணே, இந்த வழக்கத்த உங்க வீட்ல சொல்லிராதீக," என்றார் ஞானசௌந்தரி, வாசலில் நின்ற பியூனிடம்.

"சொன்னா அவ ஆயுசுக்கும் மூடச் சொல்லுவா," என்றார் பியூன் அந்தோணிப்பிச்சை.

ஆனால் பெயர் விண்ணப்பதாரரின் வாயிலிருந்து வரவேண்டும் என்கிறது ஒன்பதாவது விதி.

"நான் சொன்னா ஆகாதா?"

"அது உங்க வாய். அவரு வாய் இல்ல."

அடையாளத்தை மட்டும் வைத்து முடிக்கலாம் என்றால், அதே கோடும் அதே புள்ளியும் அந்தப் பாறையில் முந்நூறு பேருக்கு இருந்தன. ஞானசௌந்தரி குண்டூசி முனையால் முதல் துடுப்பின் முட்களை எண்ணினார். ஏழு. எல்லோருக்கும் ஏழுதான்.

வெளியே அலுவலகத்தின் கடைசிப் படி நீருக்கு மேல் தெரியத் தொடங்கியது. கணவரின் தாடை நடுங்கியது. மூடிய உதடுகளுக்குப் பின்னாலிருந்து எண்பது மெல்லிய குரல்கள் ஒருசேரக் கேட்டன.

"சவரிராயன்!"

ஞானசௌந்தரி குனிந்து, குரல் எங்கிருந்து வந்தது என்று சரிபார்த்தார். விண்ணப்பதாரரின் வாயிலிருந்துதான். விதி அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. 'சவரிராயன்' என்று எழுதி முத்திரை வைத்தார்.

"கையெழுத்து?" என்றாள் மனைவி.

"தாசில்தார் போடணும். அவரு பன்னிரண்டு நாளா வரல."

சவரிராயன் வாயைத் திறந்தார். குஞ்சுகள் கண்ணாடித் தூள்போல வாளிக்குள் சிதறின. அவற்றுக்குப் பின்னால், அதே வாயிலிருந்து தாசில்தார் இறங்கி வந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. சான்றிதழில் கையெழுத்திட்டார். வாளி அவசரமாகக் கிளம்பியது.

"உள்ள நல்ல காத்தோட்டம்," என்றவர், வருகைப் பதிவேட்டை இழுத்துப் பன்னிரண்டு நாளுக்கும் ஒப்பமிட்டார்.