நிரம்பிப் போன விமானம்

யாராவது ஒருவர் அழுதுகொண்டு வரக் கூடாதா?

அன்று காலை கலைப்பிரியாவின் மனதில் ஓடியது இதுதான். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் நாலு வருடமாக இந்தச் சின்ன விமான நிலையத்துக்குப் பொறுப்பாளராக இருப்பவளுக்குத் தெரியும். உண்மையான பயணிக்குப் பின்னால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாராவது நிற்பார்கள். கையாட்டுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், உள்ளே போனவரின் முதுகு மறைந்த பிறகும் நகர மாட்டார்கள். இங்கே கதவுக்கு வெளியே நின்றவை இரண்டு வேன்களும் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸும்தான். அவற்றிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டித் திண்டிவனம் போகும் வழியில் இருந்தது அந்த நிலையம். நாளுக்கு ஒரு விமானம், பெங்களூருக்கு. காலையில் போகும், மாலையில் திரும்பி வரும். அரசாங்கம் கொடுத்துவந்த உதவித்தொகை முடியப் போகிறது. இந்த மாதம் இருக்கைகள் நிரம்பினால் தொடர்ந்து ஓட்டுவோம், இல்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்று விமான கம்பெனி சொல்லிவிட்டது. நிரப்பும் பொறுப்பை வணிகர் சங்கம் ஏற்றுக்கொண்டது. சங்கத் தலைவர் சக்கரபாணி விழுப்புரத்தில் ரைஸ்மில் வைத்திருப்பவர். கூட்டம் சேர்க்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கட்சி மாநாட்டுக்குச் செய்வதுபோல வார்டு வார்டாக ஆள் பிடித்து, கூலி பேசி, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வண்டியில் ஏற்றிவிட்டார். இன்று போகிறவர்கள் பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கி நாளை திரும்புவார்கள். வரும் விமானமும் நிரம்பிவிடும்.

“கத்தி, கத்திரிக்கோல், தீப்பெட்டி ஏதாச்சும் வெச்சிருக்கியாம்மா?” என்று சோதனைக்காரர் கேட்டார்.

“வாய்தான் இருக்குது சார். அதயும் டப்பாவுல வெச்சுட்டுப் போவணுமா?” என்றாள் இருதயமேரி. பெண்களை அழைத்து வந்தவள் அவள்தான். வரிசை முழுவதும் கொல்லென்று சிரித்தது.

“மல்லாட்டை எடுத்துக்கினு போலாமாங்க?” என்று ஒருத்தி வேர்க்கடலைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“எடுத்துக்கினு போ. பிளேனுக்குள்ள தோலைக் கொட்டாத,” என்றாள் இருதயமேரி.

கலைப்பிரியாவும் சிரித்தாள். இந்த ஏற்பாட்டை அவள் செய்யவில்லை. தடுக்கவும் இல்லை. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். கேட்டுக்கொண்டு மேசை மீதிருந்த பேனாவைத் திறந்து மூடினாள், அவ்வளவுதான். இந்த வேலையை அவள் கேட்டு வாங்கி வந்தபோது, சென்னையில் கணவன் ஜெகதீசன் சிரித்தான். “அந்தக் கருவேலங்காட்டுக்கு யாரு பிளேன்ல வரப் போறா? நீதான் தனியா உக்காந்து வானத்தப் பாக்கணும்.” அந்தச் சிரிப்பிலிருந்து கிளம்பி வந்தவள் திண்டிவனத்தில் தனியாக வீடு பார்த்துக்கொண்டாள். பிரிவு என்று இருவருமே அதற்குப் பெயர் வைக்கவில்லை. விமானம் நின்றுபோனால் திரும்பிப் போக வேண்டியது சென்னை வீட்டுக்கு, அந்தச் சிரிப்புக்கு. அது நடக்காமலிருக்க இந்தக் கூட்டம் சிரித்துக்கொண்டே ஏறட்டும் என்றுதான் அவள் விட்டிருந்தாள்.

கவுண்டர் மூடிய பிறகுதான் அந்த அம்மாள் வந்தாள்.

ஒரு மோட்டார் பைக்கின் பின்னாலிருந்து இறங்கி, கதவு தானாகத் திறப்பதைப் பார்த்து ஒரு கணம் பயந்து நின்றாள். பிறகு ஓடி வந்தாள். பெயர் அம்சவள்ளி, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை கிராமத்துக்காரி. கூட வந்தவர் அவள் தம்பி கண்ணையன். மகன் புகழேந்திக்குப் பெங்களூரில் வேலை. நேற்று ராத்திரி லாரி மோதிவிட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து விடிகாலையில் கூப்பிட்டுச் சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிக்கினு போனாங்களே மேடம், ஒரு மணி நேரத்துல பெங்களூருன்னு,” என்றார் கண்ணையன். “அதான் ஜல்தியா இட்டாந்தேன்.”

விமான கம்பெனியின் ஆள் சித்தார்த்தன் திரையைப் பார்த்துவிட்டுக் கலைப்பிரியாவைப் பார்த்தான். “ஃபுல் மேடம்.”

நாலு வருடத்தில் அவள் ஆசையாகக் காத்திருந்த சொல் அது. இப்போது அவன் வாயிலிருந்து விழுந்தபோது, யாரோ கதவைச் சாத்தியதுபோல இருந்தது.

“அப்டிச் சொல்லாதீங்கப்பா,” என்றாள் அம்சவள்ளி. அழுது அழுது அவள் குரல் கரகரத்திருந்தது. “இம்மாம் பெரிய பிளேன்ல நான் ஒருத்தி ஒட்டிக்கினு போவ முடியாதா? சீட்டு வேணாம். நின்னுக்கினே வர்றேன்.”

கலைப்பிரியா உள்ளே போனாள். காத்திருக்கும் கூடத்தில் பெண்கள் மல்லாட்டை உரித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தோடு செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் சத்தம் அடங்கிப் போனது. ஆரோக்கியசெல்வி என்ற பெண் கேள்வி முடிவதற்குள் எழுந்துவிட்டாள்.

“நான் எறங்கிக்கிறேங்க. எனக்கு இன்னா அவசரம்? அந்தம்மா போவட்டும்.”

இருதயமேரியும் தலையாட்டினாள். “கூலி போனா போவுது போடி. பெத்தவ போவட்டும்.”

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கலைப்பிரியா திரும்பினாள். சித்தார்த்தன் அவளை ஓரமாக அழைத்துப்போனான்.

“ஒருத்தர இறக்கிட்டு இன்னொருத்தர ஏத்தணும்னா கவுண்டர மறுபடி திறக்கணும் மேடம். ஹெட் ஆஃபீஸ்ல கேக்கணும். ஃபிளைட் லேட்டாகும்.”

“ஆகட்டும்.”

“ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. இறங்கினவங்க யாரு, ஏன் இறங்கினாங்கன்னு அவங்களையே ஃபோன்ல கூப்பிட்டுப் பேசுவாங்க.” ஆரோக்கியசெல்வி இருந்த பக்கம் அவன் கண் ஜாடை காட்டியது. “அவங்க இன்னா சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். இந்த மாசம் இன்னும் முடியல மேடம்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: “நீங்க சொல்லுங்க. சொன்னா இப்பவே பண்றேன்.”

அவன் உண்மையாகவே செய்திருப்பான். அவன் விரல் அப்போதே ஃபோன் மீது இருந்தது.

கலைப்பிரியா ஓடுதளத்தைப் பார்த்தாள். விமானத்தின் நிழல் நீளமாகக் கிடந்தது. விபத்து என்றால் எல்லோரும் சாவதில்லை என்று நினைத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள். திருவண்ணாமலை வழியாகக் காரில் போனால் மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம். விமானம் நின்றுபோனால் இங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் தெருவில் நிற்பார்கள். ஒவ்வொரு காரணமும் தயாராக, தேய்த்து மடித்து வைத்ததுபோல வந்தது. இவற்றையெல்லாம் எப்போது மடித்து வைத்தேன் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆரோக்கியசெல்விக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. தனக்கு மட்டும் இவ்வளவு இருந்தது.

வெளியே வந்து அம்சவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல கார் ஒண்ணு ஏற்பாடு பண்ணித் தர்றேம்மா. டிரைவர் வேகமா போவாரு.”

அம்சவள்ளி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. பெரிய இடத்தில் இருப்பவர்கள் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்று நம்பிப் பழகிய பார்வை. “நல்லா இரும்மா,” என்றாள்.

விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ஆரோக்கியசெல்வியும் போனாள்; உள்ளே ஏறுமுன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தம்மா ஏறிவிட்டாளா என்று தேடியிருக்க வேண்டும்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் கண்ணையன் ஃபோன் செய்தார். கிருஷ்ணகிரியைத் தாண்டும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்துவிட்டதாம். “கடைசி வரைக்கும் முழிச்சுக்கினுதான் இருந்தானாம் மேடம். அம்மா வர்றாங்களான்னு கேட்டுக்கினே இருந்தானாம்.” பிறகு, அவளைக் குறை சொல்வதாக நினைத்துவிடுவாளோ என்று பயந்தவர்போல, “கார் குடுத்த ஒத்தாசைக்கு ரொம்ப தேங்க்ஸ் மேடம்,” என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் வேன்கள் வந்தபடியே இருந்தன. மாதம் முடிந்தது. கம்பெனி இன்னும் ஒரு வருடம் ஓட்ட ஒப்புக்கொண்டது. ஜெகதீசன்கூட ஃபோனில் வாழ்த்துச் சொன்னான். “ஜெயிச்சுட்ட” என்றான். அதைக் கேட்பதற்காகவே நாலு வருடம் கழித்தவளுக்கு, காதிலிருந்து ஃபோனை எடுத்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளியில் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காணைக்கு ஒரு தரம் போக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தாள். போய் என்ன சொல்வது? இடம் இருந்தது என்று சொல்வதா? சொன்னால் தன் பாரம் இறங்கும், அந்தம்மாள் தலையில் ஏறும். அதனால் போகவில்லை. அதுவும் தயாராக வந்த இன்னொரு காரணம்தானோ என்றும் தோன்றியது.

சக்கரபாணி இனிப்புப் பெட்டியோடு அறைக்கு வந்தார்.

“எடுத்துக்கோங்க மேடம். உங்களாலதான் எல்லாம்.”

“வெச்சுட்டுப் போங்கண்ணா. அப்புறம் சாப்பிடறேன்.”

“எப்பப் பாத்தாலும் எழவு வூட்டுக்காரி மாதிரியே கீறீங்களே!” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நல்ல மனிதர். இந்த ஊருக்கு விமானம் வரவேண்டும் என்பதில் அவருக்கு இருந்தது கள்ளமில்லாத ஆசை. “அடுத்த வாரம் கம்பெனிக்காரங்க வர்றாங்க. காலையில இன்னொரு சர்வீஸ் விடுங்கன்னு கேக்கப் போறோம். ஆனா நம்ம ஆளுங்கள ஏத்திக்கினே எத்தினி நாளு ஓட்றது? ஒரே பேஜாரு. நெசமான பேசஞ்சரு ஒருத்தரு வாயால சொல்லணும்.”

“யாரு?”

“காணைக்காரம்மா ஒருத்தங்க வந்தாங்களாமே. புள்ள சாவக் கெடக்குதுன்னு ஓடியாந்து, பிளேன்ல எடம் இல்லாம போயிட்டாங்களாமே. சித்தார்த்தன் சொன்னான்.” முன்னால் குனிந்தார். “அவங்க வந்து ரெண்டு வார்த்த பேசினா போதும் மேடம். ஒரு பிளேனு பத்தல, அதான் எம் புள்ள மொகத்தப் பாக்க முடியாமப் போச்சுன்னு. கேக்கறவன் கல்லா இருந்தாலும் கரஞ்சிடுவான்.”

கலைப்பிரியா அவர் முகத்தில் எதையோ தேடினாள். ஒரு தயக்கம், ஒரு கூச்சம். ஒன்றும் இல்லை. இடம் ஏன் இல்லாமல் போனது என்று அவருக்குத் தெரியாமலில்லை. அது அவர் மனதில் வேறு ஒரு அறையில் இருந்தது. அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவே இல்லை. தனக்குள்ளும் இதே கட்டடம்தான் எழும்பியிருக்கிறது, தான் மட்டும் அந்தச் சுவரில் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

“அந்த பிளேன்ல இருந்தது பூரா நீங்க ஏத்தின ஆளுங்கண்ணா,” என்றாள்.

“இருக்கட்டுமே. ஃபுல்லா போச்சுன்றது நெசந்தானே?”

அவள் இனிப்புப் பெட்டியை மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தாள்.

“நீங்க ஒரு எட்டு போயிக் கூப்புடுங்க. கார் குடுத்து அனுப்பினவங்கன்னு உங்க மேல அந்தம்மாவுக்கு மரியாத இருக்கும். நீங்க கூப்பிட்டா தட்ட மாட்டாங்க.”

ஆமாம், தட்ட மாட்டாள். புடவை மாற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவாள். மேடையில் எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பாள். என்ன சொல்லச் சொன்னாலும் சொல்வாள்.

“நாளைக்கே போறீங்களா? நம்ம வண்டிய அனுப்பட்டுமா?”

“வண்டி வேணாங்கண்ணா,” என்றாள் கலைப்பிரியா. அவள் குரல் உயரவில்லை. “நான் அவங்களப் போயிக் கூப்பிட மாட்டேன்.”