சொதியில் கரைந்த குளிசை

ஜெயரட்ணத்தின் தமையன் ஈரல் புற்றுநோயில் போய் இரண்டு வருடம். ஜெயரட்ணத்துக்கும் அதே மஞ்சள்காமாலைக் கிருமி, அதே இறுகிப்போன ஈரல். கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கிற பழைய குளிசை ஈரலில் புற்று வராமல் தடுக்குமா என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியபோது, மனைவி கௌசிதான் அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள்.

சேர்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. பாதிப் பேருக்குத்தான் உண்மையான குளிசையாம். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாக்குளிசை. யாருக்கு எது என்று டொக்டருக்கே தெரியாதாம். இதென்ன கூத்து! தன் மனுசனுக்கு அந்த மாக்குளிசை கிடைத்தால்?

அதே கொலஸ்ட்ரோல் குளிசையைக் கௌசி ஆறு வருடமாகப் போடுகிறாள். பிறகென்ன? தமிழர் நிறைந்த டோர்செட் பார்க் பகுதியில் அவர்களுடைய மாடிக் கட்டிடத்தில் குளிசை கைமாறுவது கறிவேப்பிலை கைமாறுவதைப் போலத்தான். முழங்கால் வலிக்கு ஐந்தாம் மாடி, நித்திரைக்கு ஒன்பதாம் மாடி. அவரிடம் சொன்னால் சட்டம் பேசுவார். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு குளிசையைக் கரண்டியால் நசித்து, அவர் சோற்றுக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் சொதியில் கலந்தாள்.

மூன்றாம் மாதம் ஜெயரட்ணத்துக்குப் படியேற முடியாமல் தொடை உளைந்தது. ஆராய்ச்சியைக் கவனிக்கும் நிரூபா, இந்த வெளிநாட்டிலேயே பிறந்த தமிழ்ப்பிள்ளை, இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து முகம் சுருக்கினாள்.

“அங்கிள், மசில் டமேஜ் ஆகியிருக்கு. குளிசை உங்களுக்கு ஒத்துவரேல்லைப் போல. ஸ்டொப் பண்ணவேணும். இனி இந்த மருந்தே உங்களுக்குக் குடுக்கக்கூடாது எண்டு ஃபைலிலை எழுதுவினம்.”

ஜெயரட்ணம் தலையாட்டினார். தமையனின் கடைசி மாதங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். கூட வந்திருந்த கௌசி கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால், அவரைக் காப்பாற்றக்கூடிய மருந்து அவள் செய்த வேலையால் காலத்துக்கும் அவருக்கு இல்லாமல் போகும்.

“பிள்ளை, அது உங்கடை குளிசையிலை பிழை இல்லை. நான்தான் என்ரையையும் சொதிக்குள்ளை போட்டுக் குடுத்தனான்.”

“ஓ மை கோட், அன்ரி! எத்தினை நாளா?”

“மூண்டு மாசம். ஒருநாளும் விடேல்லை.”

டொக்டர் வந்தார். நிலைமையைக் கேட்டு, ஜெயரட்ணத்துக்குக் கொடுத்தது எது என்ற இரகசியத்தைத் திறந்து பார்த்தார். உண்மையான குளிசையேதான். இரண்டும் சேர்ந்துதான் தசையைப் பதம் பார்த்திருக்கின்றன. இப்போதைக்கு நிறுத்துவோம், தசை ஆறியதும் குறைந்த அளவில் கொடுக்கலாமா என்று பார்ப்போம், ஆனால் ஆராய்ச்சியில் இனி இடமில்லை என்றார்.

பஸ்ஸில் ஜெயரட்ணம் விரல் மடித்து எதையோ எண்ணினார். நல்ல ஏச்சு விழப்போகிறது என்று கௌசி காத்திருந்தாள்.

“பார்மசியிலை உமக்கு மாசம் முப்பது குளிசைதானே தாறவை?”

“ஓம்.”

“அப்ப மூண்டு மாசமா நீர் என்னத்தைப் போட்டனீர்?”

கௌசி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெயரட்ணம் தொடையைப் பிடித்தபடி எழுந்து மணிக்கயிற்றை இழுத்தார். வீட்டுக்கு இன்னும் நாலு பஸ் தரிப்பு இருந்தது.

“இறங்கும். உம்மடை டொக்டரிட்டைப் போவம்.”