கரை போடுகிற ஆளுக்குக் கூலி

என் வீட்டுக்காரர் அருணகிரியின் கை சும்மா இருந்தால்தான் ஆடும். வேலையில் இருந்தால் ஆடாது. நடுக்குவாதம் என்று பெயர் சொன்ன வேலூர் டாக்டரே இதையும் சொன்னார். நல்ல வியாதிதான் போங்கள், சோம்பேறிகளுக்கு என்றே வந்தது என்று அன்றைக்கு நான் சிரித்தேன். சிரிப்பெல்லாம் மருந்துக்கடை வாசல் வரைக்கும்தான்.

மூன்று வேளையும் மாத்திரை. டாக்டரைப் பார்க்கப் போனால் துணைக்கு நானும் பஸ் ஏற வேண்டும். அன்றைக்குத் தறி சும்மா கிடக்கும். அதைவிடப் பெரிய பேஜார், இவருடைய வேகம் போய்விட்டது. முன்பு மாதம் மூன்று புடவை முடிப்போம். இப்போது ஒன்றரை. அரைப் புடவைக்கு எந்த மகராசன் கூலி தருவான்?

முள்ளிப்பட்டில் எங்களுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலும் நெசவுக் கூலியும் கொடுப்பவர் ஆரணி முதலாளி சந்திரமோகன். விஷயம் தெரிந்தால் அடுத்த பாவு வராது. பாவு வராவிட்டால் மாத்திரையும் வராது. அதனால் தாமதத்துக்கு என் மூட்டு வலியைக் காரணம் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் புடவைக்குக் கரை தனி நிறம். நடுவில் இவர் நெய்ய, ஓரத்தில் உட்கார்ந்து, கரை நூல் வைத்த கட்டையைத் தள்ளிக் கரைக்கு நாடா போடுவது நான். சந்திரமோகனும் நம்பிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை, முடிந்த புடவையை வாங்கிக்கொண்டு புதுப் பாவு கொடுக்க அவரே ஸ்கூட்டரில் வந்தார்.

"கையில எதனா வெச்சிக்கினே இருங்க. சும்மா மட்டும் உக்காராதீங்க" என்று இவர் கையில் ஒரு நூல்கண்டைத் திணித்தேன். இவரும் சமத்தாக நூல் சுற்றிக்கொண்டே பேசினார். சந்திரமோகன் டீ குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், மகளின் காலேஜைப் பற்றிப் பேசினார். மனுஷன் கிளம்புவதாக இல்லை. சுற்றி முடித்த நூலை இவர் திருட்டுத்தனமாகப் பிரித்து மறுபடி சுற்றினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்றை மறந்துபோனேன். புதுப் பாவை வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துத்தான் தருவார்கள். இரண்டு கையாலும் ஏந்தி, சாமி படத்தின் முன்னால் நிற்க வேண்டும். நூல்கண்டோடு நிற்க முடியுமா?

இவர் ஏந்தி நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கொட்டைப்பாக்கு தாம்பாளத்தில் கடகடவென்று உருண்டது.

"இன்னாண்ணே இது?" என்றார் சந்திரமோகன்.

"நடுக்கம்பா." பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நெய்ஞ்ச புடவையைப் பிரிச்சிப் பாருங்க. ஒரு குறை சொல்லுங்க, பாக்கலாம்!"

பிரித்தார். கரை சேரும் இடத்தைத் தடவினார். "குறை இல்லண்ணி. ஆனா கல்யாண ஆர்டருக்குத் தேதி இருக்குதே. நான் எத்தினி நாள் காத்துகினு இருக்கிறது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தாம்பாளத்தை இவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"எங்கிட்ட குடுங்க" என்றேன். "மூட்டு வலின்னது பொய்யி. எங்கப்பா தறியிலயே நெய்ஞ்சவ நான். இனிமே நடுவுல உக்காந்து நான் நெய்யறேன். தறிய மிதிக்கிறதும் அடிக்கிறதும்தான் இவருக்கு வேகமா முடியல. கரைக்கு நாடா போடறது முடியும்."

சொன்ன பிறகுதான் இவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் உட்காரும் இடம் அது. ஒரு வார்த்தை கேட்காமல், அடுத்தவர் எதிரில் எழுப்பிவிட்டேனே! சந்திரமோகனும் இவரையே பார்த்தார். இவர் வேண்டாமென்றால் பாவு ஸ்கூட்டரில் ஏறிவிடும்.

இவர் ஆடும் கையை மறு கையால் பிடித்துக்கொண்டார்.

"உண்ணாமலை, கரை போடற ஆளுக்கு இன்னா கூலி குடுப்பே?"

"இத்தினி வருஷமா நீங்க எனக்குக் குடுத்ததுதான்."

யோசித்தார். "நான் ஒண்ணுமே குடுக்கலையே?"

"அதேதான்."

சந்திரமோகன் ஓவென்று சிரித்துவிட்டுத் தாம்பாளத்தை என் கையில் வைத்தார். இவர் சிரிக்கவில்லை. மெதுவாகப் போய், தறிக்கும் சுவருக்கும் நடுவில் நான் உட்காரும் பலகையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தார்.

"இவ்ளோ இடுக்குலயா உக்காந்துகினு இருந்தே?" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது.