லீஸ் வண்டியில் முருகன்

1

இந்தக் கதை, ஒரு காரின் டேஷ்போர்டில் விழுந்த மூன்று ஓட்டைகளிலிருந்து வந்தது. ஓட்டை போட்டவள் என் மனைவி தேவானை. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். அவளைப் பற்றி எழுதுவதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அதை மறைத்து எழுதும் கெட்டிக்காரத்தனம் எனக்கு வராது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மாம்பலத்து நெரிசலில் அந்த வெள்ளை வண்டி ஓர் அன்னத்தைப் போல மிதந்து—"

வேண்டாம். மாம்பலத்து நெரிசலில் மனிதரே மிதந்துதான் போகிறார்கள், அன்னம் எங்கே போகும்?

2

தேவானை சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்தவள். இன்று தி.நகரில் கல்யாண பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். நாற்பது தாண்டியபின் கார் ஓட்டக் கற்றாள். (நான் இன்னும் கற்கவில்லை. இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.) காரை விலைக்கு வாங்காமல் லீஸுக்கு எடுத்தாள். நான்கு வருடம் மாத வாடகை கட்டி ஓட்டலாம். கடைசியில் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது முதலிலேயே பேசி வைத்த மீதி மதிப்பைக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

ஷோரூமிலேயே பளபளக்கும் சக்கரம், பெரிய திரை எல்லாம் சேர்த்தாள். வாடகை ஏறியது.

[அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: வண்டி என்ன விலை, லீஸ் முடியும்போது என்ன தேறும், இந்த இரண்டுக்கும் இடையே தேய்ந்துபோவதைத்தான் மாதாமாதம் கட்டுகிறோம். அலங்காரம் முதல் விலையை ஏற்றும். கடைசி மதிப்பை ஏற்றாது, ஏற்றினாலும் கொசுறுதான். ஆக அந்தச் செலவு ஏறக்குறைய முழுசாக ஓட்டுகிறவர் தலையில் விழும். இந்த இடத்தில் கொட்டாவி விட்டவர்களை மன்னிக்கிறேன். எனக்கும் வந்தது.]

மிச்சத்தைத் தேவானையே செய்தாள். கடையில் மீந்த பட்டுத் துணியில், ஜரிகை ஓரம் வைத்து சீட் கவர் தைத்தாள். வடபழனி கோயில் வாசலில் பூஜை போட்டு, டேஷ்போர்டில் ஒரு முருகனை ஒட்டினாள். அசோக் பில்லர் திருப்பத்தில் முருகன் கவிழ்ந்தார்.

"சாமிய எவனாவது டேப்பு போட்டு ஒட்டுவானா? வண்டிய நம்ம கடைக்கு வுடறேன், அங்க டிரில்லு கீது, ஸ்க்ரூ போடலாம் வாய்யா" என்றாள்.

லீஸ் வண்டியில் ஓட்டை போடக்கூடாது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. சொந்த வண்டி என்ற நினைப்பு எங்களுக்கு அவ்வளவு முற்றியிருந்தது.

3

நான்கு வருடம் முடிந்து, வண்டியை மதிப்பிட லீஸ் கம்பெனியிலிருந்து வெங்கடேஷ் வந்தார். அவரை முதலில் வில்லனாக எழுதினேன். மெல்லிய மீசை, பாம்புப் பார்வை, இத்தியாதி. ஆனால் கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவருக்கு நெற்றி நிறைய விபூதி, முகம் நிறைய சங்கடம். மீசையை அடித்துவிட்டேன்.

"அக்கா, சீட்டு, வீலு எல்லாம் சூப்பரா கீது. ஆனா மதிப்புல சேராதுக்கா."

"இன்னாது, சேராதா? பட்டுப்பா அது. நானே தச்சது."

"அடுத்து எடுக்கறவங்களுக்குப் புடிக்கணுமே. நீங்க மாட்டுனத கழட்டிருங்க. முருகரையும் எடுத்துருங்க. அந்த ஓட்டைக்கு டேமேஜ்னு தனியா புடிப்பாங்க."

தேவானையின் முகம் விழுந்துவிட்டது. வண்டிக்கு மதிப்புக் கூட்டியிருக்கிறோம் என்று நான்கு வருடமாக நம்பியவள் அவள். எனக்குச் சுருக்கென்றது. வெங்கடேஷுக்கு மீசையைத் திருப்பி வைத்துவிடலாமா என்று யோசித்தேன்.

அதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"கரெக்ட்டுதான்யா. பிளவுஸுல ஆரி வேல செஞ்சா கூலி ஏறும். ஒருத்தி அளவுக்குத் தச்சத இன்னொருத்தி வாங்கமாட்டா. அதுக்காவ, எனக்கு ஆரி வேல வேணாம்னு எந்தக் கல்யாணப் பொண்ணாவது சொல்லிக்கீறாளா?"

பிறகு தெருவிலேயே உட்கார்ந்து, துணி கிழியாமல் சீட் கவர்களைத் தையல் பிரித்தாள். அவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவள் என் பெண்டாட்டி என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லவேண்டும் போலிருந்தது. இஸ்திரி வண்டிக்காரரிடம் சொல்லியும் விட்டேன்.

(அன்று மாலை நானும் இந்தக் கதையிலிருந்து சிலவற்றைக் கழற்றினேன்: ஒரு மழை, இரண்டு நிலா, மைத்துனர் வந்து அழும் ஒரு பக்கம். படிக்கிறவர் கட்டும் வாடகையைத்தான் அவை ஏற்றின. படித்து முடித்தபின் மிஞ்சுவதை ஏற்றவில்லை. என் பெருமையைக் கழற்றச் சொல்லாதீர்கள், அது ஸ்க்ரூ போட்டது.)

4

மிஞ்சியது முருகன். வெங்கடேஷ் ஷூவைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே குனிந்தார். கும்பிட்டார். அப்படியே பின்வாங்கினார்.

"என்னால ஆவாதுக்கா. நீங்களே எடுத்துக் குடுத்துருங்க."

"நான் வெச்ச சாமிய நானே புடுங்குவனா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கதை எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லி மாடிக்கு வந்துவிட்டேன்.

வழி இரண்டுதான். மீதி மதிப்பைக் கட்டினால் வண்டியும் முருகனும் அவளுக்கே. ஆனால் அந்தப் பணம், வடபழனியில் இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க அவள் சேர்த்தது. வண்டியை விட்டால் கடை வரும், முருகனைப் பிடுங்க வேண்டும்.

முடிவு ஒன்று: கடை போனால் போகட்டும் என்று சாவியை இறுகப் பிடித்து அவள்—

முடிவு இரண்டு: புதுக் கடையின் கல்லாவுக்கு மேலே, அதே ஸ்க்ரூக்களில், முருகன்—

5

தேவானை மாடியேறி வந்து, நின்றபடியே இதைப் படித்தாள். கையிலிருந்த தையல் சாக்கட்டியால் இரண்டு முடிவின் மேலும் கோடு இழுத்தாள்.

"கத உன்னுது, எழுதிக்க. வண்டி என்னுது. அதுக்கு இன்னா முடிவுன்னு எழுத நீ யாருய்யா?"

வண்டியின் ஆர்.சி. இன்னும் கம்பெனி பெயரில்தான் இருக்கிறது. பேனாவை மூடினேன்.

"முடிவு பண்ணிட்டேன்" என்று படியிறங்கிப் போனாள். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. என் ஜன்னலிலிருந்து வண்டியின் கூரை மட்டும்தான் தெரிகிறது. படிக்கிற நீங்கள் தெருவில்தானே நிற்கிறீர்கள், டேஷ்போர்டில் முருகன் இருக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்லவேண்டாம். அவள் மேலே வந்து, தன் வாயால் சொல்லட்டும்.