மூன்றாவது வாக்காளர் அட்டை

தேர்தல் முடிவைக் கேட்க விடிய விடிய முழித்திருப்பதா, பேசாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதா என்று அன்று மாலை ஐந்து மணிக்கே எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. முழித்திருக்கணும் என்றவர் என் வீட்டுக்காரர் லயனல். படுக்கலாம் என்றவள் நான்.

முந்தைய தேர்தல்களில் இது தலைகீழாக இருக்கும். தேர்தல் இரவென்றால் எனக்குக் கொண்டாட்டம். மரவள்ளிக்கிழங்கு அவித்து, மிளகாயில் கட்டச் சம்பல் இடித்து, பனங்கட்டியும் வெறுந்தேநீரும் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருவோம், நானும் என் மகன் அசேலவும். ஒரு முடிவு வரும், அப்புறம் ஒரு பழைய பாட்டு, அப்புறம் இன்னொரு முடிவு. லயனல் ஒன்பது மணிக்கே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். அந்தக் குறட்டைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்து மாளாது.

இந்தத் தடவை லயனலே வேட்பாளர். பிரதேச சபைத் தேர்தல். ஒரு சுயேச்சைக் குழுவில் சேர்ந்து எங்கள் கந்தேவத்த வட்டாரத்துக்கு நின்றார். சின்னம் சுவர்க் கடிகாரம். முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்த மனிதருக்குக் கடிகாரமே வந்து விழுந்ததே என்று ஊரே கேலி செய்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் தெரு முனையில் ரயில் பாதையைக் கடக்கும் இடத்துக்கு ஒரு கேட். அங்கே இருப்பது துருப்பிடித்த ஒரு சிவப்புப் பலகை மட்டும்.

எட்டு மாசத்துக்கு முன்னால் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த அசேல அந்த இடத்தில்தான் போனான். நல்ல மழை. மழைக்கோட்டின் தொப்பி காதை மூடியிருந்ததால் ரயில் சத்தம் கேட்டிருக்காது என்றார்கள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போடா என்று கத்தி அனுப்பியவள் நான். பதினெட்டு வயசு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

"டாக்டர் என்ன சொன்னார்? பிரஷர் மாத்திரையைப் போட்டுட்டு ஒன்பதுக்குப் படுக்கணும்னு சொன்னாரா இல்லையா?" என்றேன்.

"ஒரு ராத்திரி முழிச்சா செத்தா போயிருவேன், அம்மே?"

"அந்த வார்த்தையை இந்த வீட்டுல எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

அவர் என்னை அம்மே என்பார், நான் அவரை அப்பச்சி என்பேன். மகன் எங்களை அப்படித்தான் கூப்பிட்டான், அதுவே எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்ட பிள்ளை போன பிறகும் அதை மாற்ற எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

பிரஷர் மாத்திரை சும்மா சாக்கு. உண்மையான காரணம் வேறு. அன்று காலையில் ஓட்டுப் போடப் போன பள்ளிக்கூடத்தில் நான் செய்துவிட்டு வந்த காரியம் அவர் காதுக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் துண்டுப்பிரசுரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் அச்சகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அசேலவின் படம், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில். கண்ட கண்ட கையில் கசங்கி, வடை சுற்றி, சாக்கடையில் கிடக்கவா என் பிள்ளையைப் பெற்றேன் என்று கத்தினேன். "உங்களுக்கு என் ஓட்டு கிடையாது. எழுதி வச்சுக்கங்க" என்றேன். அவர் கட்டை மறுபடியும் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார். சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் தபால்காரர் வாக்காளர் அட்டைகளோடு வந்தார். ஊருக்குப் புதியவர். "மூணு பேருக்கும் வந்திருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்றார். மூன்றாவது அட்டையில் என் மகன் பெயர். உயிரோடு இருந்தபோது பதிந்த பெயர், வெட்டச் சொல்லிக் கிராம சேவகரிடம் எழுதிக் கொடுத்திருந்தோம். பட்டியல் அதற்குள் அச்சாகிவிட்டதாம். போன தேர்தலில் கிழங்கைத் தின்றுகொண்டே "அடுத்த தடவை எனக்கும் ஓட்டு இருக்கு, அம்மே. யார் காசு கொடுத்தாலும் வாங்கிட்டு என் இஷ்டத்துக்குப் போடுவேன்" என்று சொன்ன பிள்ளை. அந்த அட்டையை லயனலுக்குக் காட்டவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

வாக்களிக்கப் போகும்போது என் அட்டையோடு அதையும் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. சுண்டுவிரலில் மை வைத்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள், அட்டைப்பெட்டி மறைப்புக்குப் பின்னால் போனேன். கோபம் எல்லாம் எப்போதோ தணிந்துவிட்டது. கடிகாரத்துக்குத்தான் போடப் போகிறேன் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே எனக்குத் தெரியும். பேனாவைக் கட்டத்தில் வைத்தேன். இது அவனுடைய முதல் ஓட்டு அல்லவா என்று மனசுக்குள் ஒன்று வந்தது. கை தானாக எழுதியது. அசேல.

சீட்டை மடித்துப் பெட்டியில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாசமாக லயனல் எங்கள் வீட்டுக் கூடத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம் வாக்குச்சீட்டு வரைந்து ஊருக்கே பாடம் நடத்தியிருந்தார். "புள்ளடி மட்டும் போடுங்க, பெருக்கல் குறி மாதிரி. பேர் எழுதினா சீட்டு செல்லாது. ஒரு ஓட்டுல தோத்தவன் எல்லாம் இருக்கான், மறந்துறாதீங்க." தேநீர் கொடுத்துக்கொண்டே அதை நூறு தடவை கேட்டவள் நான். கேட்டுக் கேட்டு என்ன பிரயோஜனம், மண்டையில் மண்ணா!

ஒரு ஓட்டில் தோற்றுவிட்டால்? அந்த ஒரு ஓட்டு என்னுடையதாக இருந்தால்? கேட் வராமல் போனதற்கும் நானே காரணம் ஆகிவிடுவேனே. அன்று முழுக்க அது என்னை அரித்தது.

"சரி, பத்து மணி வரைக்கும் பார்ப்போம்" என்று இறங்கி வந்தேன். அவர் ஏற்கெனவே எல்லா ஏற்பாடும் செய்துவிட்டிருந்தார். பால்சோற்றுக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது, தேங்காய் இரண்டு உரித்து வைத்திருந்தார். ஜெயித்த வீட்டில் விடியற்காலையில் பால்சோறு கிண்டுவது வழக்கம். முற்றத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார். மரண உதவிச் சங்கத்து நாற்காலிகள். முதுகில் சங்கத்தின் பெயர் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. எட்டு மாசத்துக்கு முன்னால் இதே முற்றத்தில் கிடந்தவை.

"வேற நாற்காலி கிடைக்கலையா?"

"ஊர்ல இருக்கிறது இதுதானே, அம்மே. கல்யாணத்துக்கும் இதைத்தானே எடுக்கிறாங்க."

அதுவும் நியாயம்தான். அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. நாற்பது நாற்காலிக்கு ஒரு ஆள் வரவில்லை. எதிர்வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது, ஆட்கள் சிரிக்கும் சத்தமும் கேட்டது. லயனல் இரண்டு தடவை தெரு வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு, அதான்" என்றார். வானத்தில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது.

பத்து மணிக்கு நான் எழுந்தேன். "போதும், அப்பச்சி. வாங்க படுப்போம். காலைல தெரிஞ்சா போதாதா?"

"நீ போய்ப் படு. நான் இருக்கேன்." அப்புறம் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அவன் இருந்தா என்கூட முழிச்சிருப்பான்."

அதற்குப் பிறகு எப்படிப் படுப்பது? உட்கார்ந்தேன். எங்கெங்கோ ஊர்களின் முடிவு வந்தது. பாட்டு வந்தது. குறட்டை விடுகிற மனிதர் அன்று கண் கொட்டவில்லை.

வாக்கு எண்ணும் இடத்தில் அவருக்கு முகவராக இருந்தவன் விஜேபால. பஸ் ஸ்டாண்டில் அவரோடு வேலை செய்தவன், அண்ணன் என்ற உரிமையில் அவரை அய்யே என்று கூப்பிடுபவன். ஒரு கட்சி மறுபடியும் எண்ணச் சொல்லித் தகராறு பண்ணியதால் தாமதமாகி, ஒன்றரை மணிக்குத்தான் வந்தான். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றான்.

"சொல்லுடா" என்றார் லயனல்.

"அறுபத்தொண்ணு, லயனல் அய்யே."

"எத்தனையில தோத்தோம்?"

"தோத்தது... அது வந்து, ஜெயிச்சவருக்கு அறுநூத்திப் பன்னெண்டு."

ஒரு ஓட்டு என்று பயந்து செத்தேனே, இத்தனை ஓட்டா! முதலில் எனக்கு வந்தது நிம்மதி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது. என் மகன் சாவுக்கு வந்தவர்களுக்கு இந்த நாற்காலி போதாமல் பக்கத்து ஊர்ச் சங்கத்திலிருந்து எடுத்து வந்தோம். நானூறு பேர். என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். கேட் இருந்திருந்தால், கேட் இருந்திருந்தால் என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். அந்த நானூறு பேரும் எங்கே போய்த் தொலைந்தார்கள்?

விஜேபாலவுக்குத் தேநீர் ஊற்றினேன். அவன் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு சொல்லணும், அய்யே. செல்லாத ஓட்டுல ஒண்ணு நமக்கு வந்தது. கடிகாரத்துக்கு நேரா புள்ளடி போடாம பேர் எழுதியிருந்தாங்க." என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நம்ம தம்பி பேரு. அசேலன்னு. கடிகாரத்துக்கு நேராத்தானே இருக்கு, யாருக்குன்னு தெரியலையான்னு நான் சண்டை போட்டேன். அந்த அதிகாரி ரொம்ப நேரம் சீட்டைக் கையிலேயே வச்சிருந்தார். அப்புறம், 'பேர் எழுதினா எடுக்க முடியாது'ன்னு ஒதுக்கிட்டார்."

"யாரு எழுதியிருப்பா?" என்றார் லயனல். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். என் ஓட்டு அவருக்கு விழாது என்றுதான் அந்த மனிதர் மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதே இல்லை. ஆனால் எழுந்து சமையலறைக்குப் போனேன். அரிசி டின்னைத் தூக்கி, அன்று மாலை திரும்பவும் அங்கே வைத்திருந்த அந்த மூன்றாவது அட்டையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

"அவனோட முதல் ஓட்டு, அப்பச்சி" என்றேன். "கடிகாரத்துக்குத்தான் போட்டான். நான்தான் கெடுத்துட்டேன்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரின் மேல் விரலை வைத்தார். அப்புறம் அவர் அழுதார். சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், எட்டு மாசம் கழித்து வாய்விட்டு அழுதார். விஜேபால வேலியோரம் போய் நின்றுகொண்டான். நானும் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள், அணைக்கத் தோன்றவில்லை.

நாலே முக்காலுக்கு முதல் ரயில் போனது. அவர் வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு நிமிஷம் லேட்டு" என்றார். பிறகு, "அரிசி ஊறிப் போச்சே, அம்மே. வீணாக்க வேண்டாம். அவன் பேர்ல விகாரைக்குக் கொடுத்துருவோம்."

தேங்காயை அவர் துருவினார். நான் பால்சோறு கிண்டி, தட்டில் பரப்பி, வாழையிலையால் அழுத்திச் சமப்படுத்தி, சாய்சதுரமாக வெட்டினேன். வெள்ளை உடுத்திக்கொண்டு, அந்தத் துருப்பிடித்த பலகையைத் தாண்டி, தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து போனோம். வழியில் பட்டாசு வெடித்த சிவப்புக் காகிதம் சிதறிக் கிடந்தது.

விகாரையிலும் டிவி இருக்கிறது. தலைமைப் பிக்குவான பெரிய சாமியும் இரவெல்லாம் முழித்திருந்தார் என்பது அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. தட்டை வாங்கிக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், "எத்தனை ஓட்டு கிடைச்சுது, லயனல்?" என்று கேட்டார்.

"அறுபத்திரண்டு, சாமி" என்றார் லயனல். "அதுல ஒண்ணு முதல் ஓட்டு."