முகம் கழுவிய லேப்டாப்

சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைத் துடைத்து, புது லேப்டாப்பை வைத்து, பின்சுவரின் ஈரக்கறையை ஒரு போர்வையால் மறைத்துவிட்டுத்தான் கணக்கு டீச்சர் பாடத்தை ஆரம்பித்தாள். பள்ளிக்கூட வேலை போன பிறகு இந்த இணைய வகுப்புதான் அவளுக்குச் சோறு. அன்று முதல் வகுப்பு. பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், பிடித்தால் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று அவளே சொல்லியிருந்தாள்.

பின்னக் கணக்கைத் திரையில் காட்டி, "கீழ இருக்கிற எண் எதைச் சொல்லுது?" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்துக் கணக்கின் மேல் ஒரு பெரிய படம் வந்து உட்கார்ந்தது. சீட்டுக்கட்டு, கொட்டுகிற காசு, கண்ணடிக்கிற ஒரு பெண். 'மீண்டும் வருக! இன்று உங்கள் அதிர்ஷ்ட நாள்!' அவள் பதறி அதை மூடினாள். உடனே இன்னொன்று முளைத்தது. அவள் திரையில் தெரிந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் தெரிந்தது.

"மீண்டும் வருகன்னு கூப்பிடுதே! டீச்சர் தினமும் ஆடுவாங்க போல" என்றார் ஒரு அப்பா.

"இவங்களை நம்பியா பிள்ளையை விடுறது?" என்றாள் ஒரு அம்மா. முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. வாழ்நாளில் ஒரு சீட்டைக்கூடத் தொட்டிராதவள் காலியான திரையில் அந்தப் படத்தை மூடிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அவள் தம்பி வந்தான். லேப்டாப் விற்கும் கடையில் அவனுக்கு வேலை. இதை வாங்கித் தந்து, தயார் செய்து கொடுத்ததும் அவன்தான்.

"வேண்டாததை எல்லாம் எடுத்துட்டேன்னு சொன்னியேடா?"

"எடுத்தேன்க்கா..."

"எடுத்தது எப்படிடா எழுந்து வந்து என் மானத்தை வாங்குது?"

அவன் தலையைச் சொறிந்தான். கடையில் அந்த வேலைக்கு 'முகம் கழுவுறது' என்று பெயர். புது லேப்டாப்புக்குள் சூதாட்டம், பயமுறுத்தும் பாதுகாப்புச் செயலி, கேட்காத கடை விளம்பரம் என்று என்னென்னவோ முன்கூட்டியே குடிவந்திருக்கும். அவை உள்ளேயே இருந்தால் அந்தந்தக் கம்பெனியிடமிருந்து கடைக்குப் பங்கு உண்டு. நீக்கித் தரச் சொல்லும் வாடிக்கையாளருக்கு முன்திரையில் தெரியும் சின்னப் படங்களை மட்டும் அழித்து, செயலிகளை உள்ளேயே விட்டுவிட்டு, பளிச்சென்று இருக்கிறது பாருங்கள் என்று காட்டி அனுப்புவார்கள். காசு கொடுத்து வாங்கியவர் தலையில் இப்படி மிளகாய் அரைப்பதற்குப் பெயர் வியாபாரமாம்!

"உனக்குன்னு நினைக்கவே இல்லக்கா. கை பழகிப்போச்சு."

"எனக்குன்னு நினைச்சிருந்தா ஒழுங்கா செஞ்சிருப்ப. அடுத்த வீட்டுக்காரின்னா பரவாயில்லையா?"

அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினான். ஒவ்வொன்றும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. 'நிச்சயமாகவா?', 'இன்னொரு முறை யோசியுங்கள்' என்று கெஞ்சியது. உள்ளே வரும்போது யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காததுகளுக்கு, வெளியே போகும்போது மட்டும் எவ்வளவு மரியாதை!

"துடைச்சுட்டேன்க்கா. இனி வராது."

"இதுல இருந்து துடைச்சிட்ட. என் பேருல ஒட்டினதை யார் துடைக்கிறது?"

மறுநாள் அவள் கெஞ்சிக் கேட்டதால் பெற்றோர் சிலர் மீண்டும் வந்தார்கள். தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கடையின் பெயரோடு எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. "தப்பு டீச்சர் மேல இல்ல. நான்தான் ஏமாத்தினேன்."

நேற்று கேலி பேசிய அப்பாவின் முகம் வெளுத்தது.

"தம்பி, எங்க பெரியவனுக்கும் உங்க கடையிலதான் வாங்கினேன். படிக்கிறேன்னு கதவைச் சாத்திக்கிறான். காலேஜுக்குக் கட்ட வெச்ச பணத்தை இந்தச் சீட்டுலதான் விட்டுட்டான். எந்தக் கூட்டாளி கத்துக்கொடுத்தான்னு அவனை அடிச்சுக் கேட்டேன். கூட்டாளியை நானே கடையிலிருந்து கையில தூக்கிட்டு வந்திருக்கேனே!"

தம்பிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த லேப்டாப்புக்கும் முகம் கழுவியது தன் கையாகவே இருக்கலாம்.

"கொண்டு வாங்க சார். உங்க கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் நீக்கித் தரேன்."

"உங்க முதலாளி விடுவாரா?"

"வேலை போனா போகட்டும் சார். வாங்கினவங்களைக் கேக்காம உள்ள வெச்சு அனுப்புறது வியாபாரம் இல்ல, திருட்டு. கூட நின்ன நானும் திருடன்தான். நீங்களும் இனிமே பளிச்சுன்னு இருக்குன்னு நம்பி வாங்கிட்டு வராதீங்க. உள்ள என்ன இருக்குன்னு திறந்து காட்டச் சொல்லுங்க. காட்டாத கடையில வாங்காதீங்க."

அந்த அப்பா கேமராவைப் பார்த்தார்.

"டீச்சர், நேத்து பேசினதுக்கு மன்னிச்சிடுங்க. சின்னவனுக்குப் பாடத்தை ஆரம்பிங்க. நான் பெரியவன் கதவைத் தட்டிட்டு வரேன்."